மூன்று வீடுகள், ஒரு கையொப்பம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடுதிச் சாப்பாட்டையும், இல்ல விளையாட்டுப் போட்டியையும், மழைக்கால வகுப்பறைகளையும் பற்றி எங்களுக்கு முன்னர் பேசியவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கவும் கண் கலங்கவும் வைத்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த தலைப்பு "குடும்பம், சட்டம், அறம்" என்பது. இதை மேடையில் ஒருத்தி வாசித்தாலும், எழுதியவர்கள் நாங்கள் ஐவர். இருவர் சட்டத்தரணிகள், ஒருவர் ஆசிரியை, ஒருவர் ரொறன்ரோவில் தாதி, ஒருவர் இலண்டனில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவர். ஐவரும் வெவ்வேறு நாட்டில் இருந்தபடி ஒரே நாடகத்தைப் பார்த்து, தொலைபேசியில் மாதக்கணக்காக வாதாடியதன் சுருக்கமே இந்த உரை. ஒரு விடயத்தில் இன்னும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அதையும் மறைக்காமல் சொல்வோம்.

அந்த நாடகத்தின் பெயர் "பிக் லவ்". ஐக்கிய அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2006 மார்ச்சிலிருந்து 2011 மார்ச் வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பானது. யூட்டா மாநிலத்தில் சோல்ற் லேக் நகருக்கு அருகே சாண்டி என்ற புறநகர். அங்கே பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீடுகள். பின் வளவு மூன்றுக்கும் பொது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று குடும்பங்கள். உள்ளே ஒரே குடும்பம். வீட்டுப் பொருட்கள் விற்கும் பெரிய கடைகளின் உரிமையாளரான பில் ஹென்றிக்சன், அவருடைய மனைவியர் பார்ப், நிக்கி, மார்ஜீன், அவர்களின் பிள்ளைகள். இவர்கள் ஒரு மதக் கொள்கையின்படி பலதார மணத்தில் வாழ்பவர்கள். அயலவருக்கும் கடை ஊழியருக்கும் தெரியாமல் வாழ்பவர்கள்.

பலதார மணம் என்றவுடன் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். எங்களுக்கும் அப்படித்தான். முகம் சுளிப்பது எளிது. அந்த வீட்டில் எது குற்றம், எது பிழை, இரண்டும் ஒன்றா என்று கேட்பது கடினம். நாடகத்தின் பலமே அது அந்தக் கேள்வியை விடாமல் கேட்பதில்தான் இருக்கிறது.

முதலில் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

யூட்டாவில் குடியேறிய மோர்மன் சமயத்தவர் 19 ஆம் நூற்றாண்டில் பலதார மணத்தை வெளிப்படையாகவே கைக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1862 இல் அதைத் தடைசெய்தது. தங்கள் சமய உரிமை பாதிக்கப்படுகிறது என்று அவர்கள் வழக்காடினார்கள். ஜோர்ஜ் றெனோல்ட்ஸ் என்பவரின் வழக்கில் 1879 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எதை நம்புவது என்பதில் சட்டம் கைவைக்காது, நம்பிக்கையின் பெயரால் எதைச் செய்வது என்பதில் சட்டம் கைவைக்கலாம். திருமணத்தை நிரூபிப்பது கடினமாக இருந்ததால் 1882 இல் இன்னொரு சட்டம் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு குடும்பம் நடத்துவதே குற்றம் என்று அது சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றார்கள். 1890 இல் மோர்மன் திருச்சபையின் தலைவர் வில்போர்ட் வூட்றஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1896 இல் யூட்டா ஒரு மாநிலமானபோது, பலதார மணம் என்றென்றும் தடை என்று அதன் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. இன்று அந்தத் திருச்சபை பலதார மணம் செய்பவர்களை விலக்கிவிடுகிறது. பில்லின் குடும்பம் போன்றவர்கள் அந்தத் திருச்சபைக்கு வெளியே பிரிந்துபோன சிறு குழுக்களைச் சார்ந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது அநியாயம்.

இந்த வரலாற்றில் பெண்கள் பாடசாலையில் படித்த நாங்கள் நின்று பார்த்த ஓரிடம் உண்டு. யூட்டாப் பெண்களுக்கு 1870 இலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. பலதார மணத்தை ஒடுக்க 1887 இல் வந்த சட்டம் அந்த வாக்குரிமையைப் பறித்தது. பெண்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த சட்டம், பெண்கள் கையிலிருந்த வாக்குச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அது திரும்பி வர மாநிலம் உருவாகும்வரை, அதாவது 1896 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1896 இல் மார்த்தா ஹியூஸ் கனன் என்ற பெண் யூட்டா மாநில செனற்றுக்குத் தெரிவானார். அமெரிக்காவின் முதலாவது பெண் மாநில செனற்றர் அவர்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த வைத்தியர். அவர் ஒருவருடைய நான்காவது மனைவியும்கூட. கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேரிடும் என்பதால் கைக்குழந்தையோடு இங்கிலாந்தில் மறைந்து வாழ்ந்தவர். அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சியின் வேட்பாளர்களில் ஒருவர் அவருடைய கணவரே. மனைவி வென்றார், கணவர் தோற்றார். இந்தப் பெண்ணை ஏதுமறியாத அடிமை என்று சொல்ல முடியுமா? முடியாது. அவருடைய வாழ்க்கையை வைத்துக்கொண்டு பலதார மணம் பெண்ணுக்குச் சுதந்திரம் தருகிறது என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. நாடுவிட்டு நாடு ஓடி ஒளிந்தவருக்கு அது என்ன சுதந்திரம்? ஒரு பெண் எதைத் தெரிவு செய்தாள் என்பதோடு, எந்தச் சூழலில் நின்று தெரிவு செய்தாள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

இனி நாடகத்துக்கு வருவோம்.

பில் சட்டப்படி மணந்தது பார்ப்பை மட்டுமே. விவாகப் பதிவில் இருப்பது அவளுடைய கையொப்பம். நிக்கியோடும் மார்ஜீனோடும் நடந்தவை சமயச் சடங்குகள், பதிவில்லை. அப்படியானால் எங்கே குற்றம் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். யூட்டாச் சட்டம் அந்த ஓட்டையை முன்பே அடைத்திருந்தது. ஏற்கெனவே மணமானவர் இன்னொருவரை மணப்பதாகக் காட்டிக்கொண்டாலும், அவரோடு குடும்பம் நடத்தினாலும் அது குற்றம். நாடகம் ஒளிபரப்பான காலத்தில் அதற்கு ஐந்து ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

நாடகம் தொடங்கி இரண்டு மாதத்தில், 2006 மே மாதம், யூட்டா உயர் நீதிமன்றம் ஹோம் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. 32 வயதான அவர், தன் சட்டபூர்வ மனைவியின் 16 வயதுத் தங்கையைச் சடங்கு முறையில் மணந்திருந்தார். பதிவு இல்லாவிட்டாலும் அது இருதார மணமே என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். பிரதம நீதியரசராக இருந்த கிறிஸ்ரின் டறம் என்ற பெண்மணி ஒரு பகுதியில் மாறுபட்டார். சிறுமியோடு உறவு கொண்ட குற்றம் குற்றமே. அதில் அவருக்கு ஐயமில்லை. பதிவில்லாத சடங்கைத் திருமணம் என்று கணக்கிட்டுத் தண்டிப்பதை அவர் ஏற்கவில்லை. சிறுமிக்குச் செய்த கொடுமையையும் வளர்ந்தவர்களின் இல்லற ஏற்பாட்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்று நாங்கள் அதிலிருந்து விளங்கிக்கொண்டோம். நாடகத்தைப் பார்க்கும்போது எங்களுக்குத் துணையாக இருந்தது இந்த வேறுபாடுதான்.

மூன்று மனைவியரும் "சம்மதித்துத்தான்" வந்தார்கள் என்று பில் அடிக்கடி சொல்வார். அந்தச் சம்மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பார்ப் மோர்மன் திருச்சபைக்குள், ஒரு மனைவி ஒரு கணவன் என்ற நம்பிக்கையில் மணந்தவள். ஆசிரியை. புற்றுநோய் வந்து கருப்பையை இழக்கிறாள். அந்தக் காலத்தில்தான் பில் தன் பிறப்பிடக் கொள்கைக்குத் திரும்புகிறார். இரண்டாவது மனைவி வீட்டுக்கு வருகிறாள். பார்ப் "சரி" என்றாள். அந்தச் சரி எப்படிப்பட்டது? உயிர் ஊசலாடி மீண்ட ஒருத்தி, கணவனையும் மூன்று பிள்ளைகளையும் இழக்கப் பயந்து சொன்ன சரி. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மறுத்திருந்தால் அவள் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? பின்னர் அவளுடைய திருச்சபை அவளை விலக்குகிறது. தாயும் சகோதரியும் அந்நியமாகிறார்கள். ஒரு வாக்கை நம்பி மணந்தவளுக்கு, நடுவழியில் அந்த வாக்கு மாற்றி எழுதப்பட்டது.

நிக்கி ஜூனிப்பர் கிறீக் என்ற மூடிய குடியிருப்பில் பிறந்தவள். அங்கே "தீர்க்கதரிசி" என்று தன்னை அழைத்துக்கொள்ளும் றோமன் கிறாண்டின் மகள். அந்த ஊரில் மணமாக வேண்டிய பெண்பிள்ளைகளின் படங்கள் ஒரு புத்தகத்தில் ஒட்டப்படும். யாரை யாருக்குக் கொடுப்பது என்று ஆண்கள் தீர்மானிப்பார்கள். நிக்கியும் பருவ வயதிலேயே அப்படிக் கொடுக்கப்பட்டவள். அந்தத் திருமணத்தையும் அதில் பிறந்த மகளையும் பில்லிடமிருந்து நெடுங்காலம் மறைத்தாள். பார்ப் நோயுற்றபோது பராமரிக்க வந்து, அந்த வீட்டின் இரண்டாவது மனைவியானாள். மூவரில் பலதார மணத்தை மிகக் கடுமையாக ஆதரிப்பவள் அவள்தான். அவளே பிள்ளை வேண்டாம் என்று இரகசியமாகக் கருத்தடை மாத்திரை எடுக்கிறாள். வேறு வாழ்க்கை இருக்கிறது என்பதையே அறியாமல் வளர்ந்தவள் சொல்லும் சம்மதத்தை எப்படி எடைபோடுவது? வாய் ஒன்று சொன்னது, மாத்திரை வேறொன்று சொன்னது. அந்தக் குளிகையை விழுங்கிய கணந்தான் அவள் தன் உடலைப் பற்றித் தானே எடுத்த முதல் தீர்மானம் என்று எங்களில் தாதியாக இருப்பவர் சொன்னார். பொய்யாக இருந்தாலும் அதைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மார்ஜீன் மூவரிலும் இளையவள், கலகலப்பானவள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குள் வந்தவள், மூன்றாவது மனைவியாகத் தங்கிவிட்டாள். ஐந்தாவது பருவத்தில் உண்மை வெளிவருகிறது: மணந்தபோது அவளுக்கு வயது 16. 18 என்று சொல்லியிருந்தாள். பில்லுக்குத் தெரியாது. தெரியாது என்பது யூட்டாச் சட்டத்தில் தப்பும் வழி அல்ல. அறத்திலும் அப்படியே என்பது எங்கள் கருத்து. மாநிலம் அறிய வாழும் ஒருவர் ஒரு கடையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அடையாளப் பத்திரம் பார்ப்பார். மனைவியாக ஏற்கும்போது பார்க்கவில்லை. பதிவாளர் முன் நின்றிருந்தால் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருப்பார்கள். அந்த ஒரு தாள் ஒரு பிள்ளையின் இளமையைக் காப்பாற்றியிருக்கும். சட்டத்துக்கு வெளியே நடக்கும் திருமணத்தில் காவலர் இல்லை என்பது மட்டும் இழப்பு அல்ல. கேள்வி கேட்பவரே இல்லை என்பதுதான் பெரிய இழப்பு.

நான்காவதாக ஆனா என்ற ஒரு பெண் வந்தாள். உணவகத்தில் வேலை செய்தவள், சேர்பிய நாட்டவள். சில நாட்களிலேயே இது எனக்குச் சரிவராது என்று போய்விட்டாள். வாசலைத் தேடித் திறந்து போனவள் அவள் ஒருத்திதான். அவளிடம் சொந்த உழைப்பு இருந்தது. அந்த வீட்டை நம்பி அவள் எதையும் முன்கூட்டியே இழந்திருக்கவில்லை.

இனி பில்லின் தெரிவுகளில் இரண்டை மட்டும் எடுக்கிறோம்.

ஒன்று, அரசியல். நான்காவது பருவத்தில் பில் மாநில செனற்றுக்குப் போட்டியிடுகிறார். குடும்பத்தை மறைத்து வாக்குக் கேட்கிறார். வென்ற இரவே மேடையில் மூன்று மனைவியரையும் அறிமுகம் செய்கிறார். இனி ஒளிக்க மாட்டோம், எங்களைப் போன்றவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வெளிச்சத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? தொலைக்காட்சியில் நகை விற்றுத் தனக்கென்று ஒரு பெயர் தேடியிருந்த மார்ஜீனின் தொழில் சரிந்தது. பிள்ளைகள் பாடசாலையில் அவமானப்பட்டார்கள். உண்மை பேசுவது நல்லது; ஆனால் மற்றவர்களுடைய வாழ்க்கையை எடுத்து மேடையில் வைத்து உண்மை பேச ஒருவருக்கு உரிமை உண்டா? வாக்காளரிடம் பொய், வீட்டாரிடம் கட்டளை. இதில் குற்றவியல் சட்டம் கைவைக்கக்கூடியது அதிகமில்லை.

இரண்டாவது, எங்கள் ஐவரையும் நித்திரை கொள்ளவிடாத தெரிவு. நிக்கியின் மகளைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும். அதற்கு நிக்கி சட்டப்படி மனைவியாக இருக்க வேண்டும். எனவே பில் பார்ப்பை விவாகரத்துச் செய்து நிக்கியைப் பதிவுத் திருமணம் செய்கிறார். "தாளில்தானே, வீட்டில் எதுவும் மாறாது" என்ற பேச்சு. பார்ப் கையொப்பமிடுகிறாள்.

கவனியுங்கள். அந்தக் குடும்பம் அதுவரை செய்த பெரும்பாலானவை சட்டவிரோதம். இது முழுக்கச் சட்டபூர்வம். நீதிமன்றம் முத்திரை குத்தும் விவாகரத்து, பதிவாளர் எழுதும் திருமணம், நன்மைக்கான தத்தெடுப்பு. எங்கும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் நாடகம் முழுவதிலும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த ஆகப் பெரிய இழப்பு இதுதான் என்று ஐவரும் ஒரே குரலில் சொன்னோம். பார்ப்பிடம் எஞ்சியிருந்த பாதுகாப்பு அந்த ஒரு தாள்தான். கணவன் வைத்தியசாலையில் கிடந்தால் முடிவெடுக்கும் உரிமை, இறந்தால் வாரிசுரிமை, "நான் இவருடைய மனைவி" என்று உலகத்தின் முன் சொல்லும் உரிமை எல்லாம் அந்தத் தாளோடு போயின. அவள் "சம்மதித்தாள்". மறுத்தால் ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்குக் குறுக்கே நின்றவள் ஆவாள். இப்படி ஒரு மூலையில் நிறுத்திவிட்டுக் கேட்கப்படும் சம்மதம் என்ன சம்மதம்?

சட்டவிரோதமானது எல்லாம் கொடுமை அல்ல. சட்டபூர்வமானது எல்லாம் நியாயமும் அல்ல. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தோம்.

"சரி, அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்று அக்காமார் யாராவது கேட்கக்கூடும். பார்ப்பின் கதைக்கு மிக அருகில் நம்முடைய சட்டப் புத்தகத்திலும் ஒரு கதை இருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 362ஆ பிரிவின்படி இருதார மணத்துக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறை. ரீட் என்பவர் 1933 இல் கிறிஸ்தவ முறைப்படி மணந்தவர். 1959 இல் இஸ்லாத்துக்கு மாறி இன்னொரு பெண்ணை மணந்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மதம் மாறும் உரிமை உண்டு, மாறியபின் அந்தச் சட்டப்படி மணக்கவும் உரிமை உண்டு என்று 1965 இல் அங்கே தீர்ப்பானது. பல ஆண்டுகளின் பின், அபேசுந்தர வழக்கில் நமது உயர் நீதிமன்றம் அந்த வழியை மூடியது. ஒருதார மணச் சட்டத்தின் கீழ் மணந்தவர், அந்த மணம் நிலைத்திருக்கும்போது மதத்தை மாற்றிக்கொண்டு அதன் கடமைகளிலிருந்து ஒருதலையாக நழுவ முடியாது என்றது.

இது முஸ்லிம் மக்களின் திருமணச் சட்டத்தைப் பற்றிய வழக்கு அல்ல. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த முஸ்லிம் தோழியர், தங்கள் சட்டத்தில் எது மாற வேண்டும் என்பதை நம்மைவிடத் தெளிவாகவும் துணிவாகவும் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். இந்த வழக்கு, ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு நடுவழியில் மாற்றிக்கொண்ட ஆணைப் பற்றியது. பிரிவி கவுன்சில் அந்த ஆணின் உரிமையைப் பார்த்தது. நமது நீதிமன்றம், முதலில் மணந்த பெண்ணையும் சேர்த்துப் பார்த்தது. பார்ப்புக்கு அப்படி ஒரு நீதிமன்றம் கிடைக்கவில்லை. அவள் தேடிப் போகவும் இல்லை. போனால் முதலில் கைதாகக்கூடியது அவளுடைய குடும்பமே.

இங்கேதான் எங்கள் ஐவருக்கும் உடன்பாடில்லாத விடயம் வருகிறது. வளர்ந்தவர்கள் விரும்பி இப்படி வாழ்ந்தால் அரசு அவர்களைத் தண்டிக்க வேண்டுமா?

தண்டித்த வரலாறு நல்ல வரலாறு அல்ல. 1953 ஜூலையில் அரிசோனா மாநில அரசு ஷோர்ட் கிறீக் என்ற ஊரைச் சுற்றிவளைத்து 260 க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டுபோனது. தாய்மாரின் கையிலிருந்து பிள்ளைகள் பிடுங்கப்பட்ட படங்களைப் பார்த்து மக்கள் வெறுத்தார்கள்; அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் தோற்றார். 2008 ஏப்ரலில் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையிலிருந்து 400 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள். அத்தனை பேரையும் அப்படி எடுத்தது செல்லாது என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே பண்ணையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டுதான் அந்தக் குழுவின் தலைவர் வொறன் ஜெஃப்ஸ், சிறுமிகளுக்கு இழைத்த பாலியல் குற்றத்துக்காக 2011 ஓகஸ்டில் ஆயுள் தண்டனை பெற்றார். இரண்டும் உண்மை.

எங்களில் மூவர் சொல்வது: குற்றம் என்ற பயம் ஆண்களை நிறுத்தவில்லை, பெண்களைத்தான் ஊமையாக்கியது. அடிபட்டவள் பொலிசுக்குப் போனால் பிள்ளைகளை இழப்பாள். சிறுமியைக் காப்பாற்ற வேண்டுமானால், பெரியவர்கள் பயமின்றிக் கதவைத் திறக்கக்கூடிய சட்டம் வேண்டும். யூட்டா இந்த வழியில்தான் சென்றது. 2013 இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, குடும்பம் நடத்துவதைக் குற்றமாக்கிய பகுதி செல்லாது என்றார். 2016 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. பின்னர் 2020 இல் மாநிலச் சட்டமன்றமே சட்டத்தை மாற்றியது. வயதுவந்தோர் விருப்பத்தோடு வாழ்ந்தால் அது இப்போது சிறு தவறு, சிறை இல்லை. வற்புறுத்தல், ஏமாற்று, சிறுவர் துன்புறுத்தல் சேர்ந்தால் கடும் குற்றம்.

மற்ற இருவர் சொல்வது: அந்தக் குடியிருப்புகளிலிருந்து தப்பி வந்த பெண்களில் பலரே இந்த மாற்றத்தை எதிர்த்தார்கள். "விருப்பத்தோடு" என்ற சொல்லை யார் அளப்பது? நிக்கி விருப்பத்தோடு என்றுதான் சொல்வாள். சட்டம் விலகி நின்றால், வெளியே வர நினைப்பவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லாமல் போகும்.

இரண்டு பக்கமும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வாதாடி வாதாடி ஐவரும் ஒரே மூன்று கேள்விகளில் வந்து நின்றோம். எல்லாம் அறிந்துதான் ஒப்புக்கொண்டாளா? மறுத்திருந்தால் மறுப்பு மதிக்கப்பட்டிருக்குமா? நாளை வெளியேறினால் அவள் கையில் என்ன இருக்கும்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத சம்மதம், பதிவாளர் முத்திரை குத்தினாலும் அரைச் சம்மதந்தான். இவை பலதார மணத்துக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. சீதனக் காணி எழுதும்போதும், வெளிநாட்டுச் சம்பந்தம் பேசும்போதும், கூட்டுக் கணக்கிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லும்போதும், "தாளில்தானே பிள்ளை, ஒரு கையெழுத்துத்தானே" என்று நம்மவரும் சொல்கிறார்கள். பழைய மாணவிகள் சங்கத்தில் சட்டத்தரணிகள் நிறையப் பேர் இருக்கிறோம். ஊரிலோ வெளியூரிலோ நம் தங்கைமார் ஒரு தாளில் கையொப்பமிடுமுன் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டால், அதற்கு நேரம் ஒதுக்குவோம். இதற்கெனச் சங்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும், பெயர்ப் பட்டியலும் வேண்டும் என்பது நாங்கள் முன்வைக்கும் கோரிக்கை.

நாடகத்தின் முடிவைச் சொல்லி அமர்கிறோம். கடைசிப் பகுதியில், மனம் குழம்பிய அயலவர் ஒருவர் பில்லைச் சுட்டுவிடுகிறார். ஆண்களே ஆசீர்வதிக்கலாம் என்ற கொள்கையில் வாழ்ந்தவர், தெருவில் கிடந்தபடி, தன்னை ஆசீர்வதிக்கும்படி பார்ப்பிடம் கேட்கிறார். அவள் செய்கிறாள். மாதங்கள் கழிகின்றன. கணவன் இல்லை, கட்டளையிட ஆள் இல்லை, பதிவும் இல்லை, சடங்கும் இல்லை. போக நினைத்தால் மூவரும் போகலாம். மார்ஜீன் தொண்டு வேலைக்காகக் கப்பலேறிப் போகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள். ஆனாலும் மூவரும் ஒரே குடும்பமாகவே இருக்கிறார்கள்.

ஐந்து பருவங்களிலும் அவர்களுடைய சம்மதத்தை நாங்கள் நம்பியது அந்தக் காட்சியில் மட்டுமே. அப்போதுதான் கதவு திறந்திருந்தது.